பார்வையில்லாமல் லினக்ஸ்: பேச்சு நின்றுபோனால் திரும்பி வரும் வழி

கேட்கப்பட்ட கேள்வி இது: "தங்கைக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. பக்கவாட்டுப் பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது, இருட்டினால் சுத்தமாகத் தெரிவதில்லை. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் (திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பழகியிருக்கிறாள். கல்லூரி லேபில் லினக்ஸ், வேலைக்குப் போனாலும் லினக்ஸ்தான் என்கிறார்கள். அவளால் முடியுமா? எந்த டிஸ்ட்ரோ போட்டுக் கொடுப்பது?"

முடியும். எனக்குப் பார்வை கிடையாது. சர்வர் பராமரிப்பு, நிரல் எழுதுவது, மின்னஞ்சல், வரவு செலவுக் கணக்கு என்று என் வேலை எல்லாமே லினக்ஸில்தான் நடக்கிறது. ஆனால் எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸில் எந்த வகை, என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி வேறு. ஒரு நாள் காலையில் கணினியைப் போட்டதும் பேச்சு வரவில்லை, வீட்டில் யாரும் இல்லை. அவளே அதைத் திரும்பப் பேச வைக்க முடியுமா? பார்க்கிறவர்களுக்கு ஒலி போனால் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். நமக்கு ஒலி போனால் திரையே போய்விட்டது. லினக்ஸில் அப்படி ஒரு நாள் கட்டாயம் வரும். அதிலிருந்து தானாக மீண்டு வருவதற்கான வழிகளும் லினக்ஸில்தான் அதிகம். அந்த வழிகளைத் தெரிந்துகொண்டால் எந்த டிஸ்ட்ரோவிலும் பிழைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று: விண்டோஸை அழிக்காதீர்கள். ஆர்வத்தில் முழு டிஸ்கையும் துடைத்து லினக்ஸ் போட்டுவிட்டு, செமஸ்டர் நடுவில் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்விடிஏ இலவசம், கட்டற்ற மென்பொருள், 2006இலிருந்து வளர்ந்து வருவது; இணையத்தில் உலாவுவதற்கு இன்றைக்கும் லினக்ஸின் ஸ்கிரீன் ரீடரான ஆர்காவைவிட அது ஒரு படி மேல்தான். அதனால் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக லினக்ஸுக்கு வரவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. படிப்புக்காகவும் வேலைக்காகவும் வருகிறாள், அதுவே போதுமான காரணம்.

அதே விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் (விண்டோஸில் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டால் உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் உண்மையான டெர்மினல், அதாவது கட்டளைகளை அடிக்கும் திரை, கிடைக்கும், என்விடிஏ அதை வாசிக்கும். நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல் திறந்து, டபிள்யூஎஸ்எல், இடைவெளி, ஹைபன் ஹைபன் இன்ஸ்டால் என்று அடித்தால் போதும். (கட்டளைகளை ஸ்கிரீன் ரீடர் காதில் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.) கட்டளைகள், கோப்பு உரிமைகள், கிட், பைத்தான், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பழகின குரலிலேயே கற்றுக்கொள்ளலாம். புது இயங்குதளம், புது ஸ்கிரீன் ரீடர், புதுப் பாடம் மூன்றையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றக் கூடாது. கட்டளைகள் கைக்குப் பழகிய பிறகு இன்னொரு டிஸ்கிலோ பழைய லேப்டாப்பிலோ லினக்ஸ் போடுங்கள்.

சரி, இப்போது லினக்ஸ் எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஃபயர்பாக்ஸில் ஒரு பொத்தான் மேல் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் ஒரு பொத்தான், என் பெயர் சமர்ப்பி" என்ற தகவலை ஃபயர்பாக்ஸ் ஏடி-எஸ்பிஐ என்ற வழியாக வெளியே சொல்கிறது. அந்தத் தகவல் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் பாதையான டி-பஸ் வழியாகப் போகிறது. ஆர்கா என்ற ஸ்கிரீன் ரீடர் அதைக் கேட்டு, எதைச் சொல்லவேண்டும், எதை விடவேண்டும் என்று முடிவு செய்து ஒரு வாக்கியம் ஆக்குகிறது. அதை ஸ்பீச் டிஸ்பேச்சரிடம் கொடுக்கிறது. அது ஈஸ்பீக் என்ஜி போன்ற குரல் இயந்திரத்திடம் கொடுக்கிறது. அங்கே உருவாகும் ஒலி பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை வழியாக சவுண்ட் கார்டுக்குப் போய் காதுக்கு வருகிறது. இத்தனை கைமாறித்தான் ஒரு சொல் வருகிறது. ஒவ்வொன்றையும் வேறு வேறு குழுக்கள் எழுதுகின்றன. ஒரு அப்டேட்டில் எந்த இடத்தில் அறுந்தாலும் நமக்குக் கிடைக்கும் அறிகுறி ஒன்றுதான்: மௌனம்.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கத் திரை தேவையில்லை, காதே போதும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் உரைக் கன்சோல், அதாவது எழுத்து மட்டும் உள்ள திரை, வரும். பயனர் பெயர், கடவுச்சொல் அடித்து உள்ளே போய், ஈஸ்பீக் ஹைபன் என்ஜி, இடைவெளி, ஹலோ என்று அடிக்க வேண்டும். ஹலோ கேட்டால் சவுண்ட் கார்டும் குரலும் நன்றாக இருக்கின்றன. அடுத்து எஸ்பிடி ஹைபன் சே, இடைவெளி, ஹலோ. இதுவும் கேட்டால் ஸ்பீச் டிஸ்பேச்சரும் சரி, அப்படியானால் கோளாறு ஆர்காவில். டெஸ்க்டாப்புக்குத் திரும்பி, ஆல்ட் எஃப்2 அழுத்தி, ஆர்கா, இடைவெளி, ஹைபன் ஹைபன் ரீப்ளேஸ் என்று அடித்து என்டர் தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்காவை நீக்கிப் புதிதாக ஒன்று எழும். பெரும்பாலான மௌனங்கள் இதிலேயே கலைந்துவிடும். முதல் ஹலோவே கேட்கவில்லையா? பிரச்சினை ஒலியில்தான், ஒலியளவு பூஜ்யத்துக்குப் போயிருக்கலாம், எச்டிஎம்ஐ மானிட்டருக்கு ஒலி திரும்பியிருக்கலாம். இதைப் பேச்சு நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து மனப்பாடமாகப் பழக்கிவிடுங்கள். பேச்சு நின்ற பிறகு தேடிப் படிக்க முடியாது.

இன்னொரு கதவும் வேண்டும். லினக்ஸ் கணினியில், வேறு கருவியிலிருந்து உள்ளே நுழைய விடும் எஸ்எஸ்எச் சர்வர் போட்டு வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அதன் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் இயக்கி, டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியிலிருந்து கணினிக்குள் நுழையலாம். கணினி ஊமையானாலும் போன் பேசும். ஆடியோ சேவையை மறுபடி தொடங்குவது, தவறான அப்டேட்டைத் திருப்புவது, லாக் வாசிப்பது எல்லாம் அப்படியே செய்யலாம். அதோடு ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டுக்கு டிரைவர் கிடைக்காத இடங்களில் அது ஒன்றே காப்பாற்றும்.

இந்த சவுண்ட் கார்டு விஷயம் நிறுவும்போதே தொடங்கிவிடும். டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் நிறுவிப் பக்கம் வரும்போது எஸ் எழுத்தை அழுத்தி என்டர் தட்டினால் பேசிக்கொண்டே நிறுவும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டை இருந்தால் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கும். எதில் குரல் கேட்கிறதோ அப்போது என்டர் தட்டவேண்டும். கேள்விகள் எல்லாம் உரைவடிவில், எண் கொடுத்துப் பதில் சொல்லும் விதத்தில் இருக்கும். நிறுவி முடித்து முதல் தடவை எழும்போது பேச்சோடுதான் எழும். பார்வையில்லாத ஒருவர் யார் உதவியும் இல்லாமல் காலி டிஸ்கிலிருந்து முழு இயங்குதளம் வரை தனியாகப் போக முடிகிறது. இதற்காக டெபியன்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் இப்போதைய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஒலிக்குத் தனி ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும். அது கட்டற்றதல்ல என்ற கொள்கையால் பல ஆண்டுகள் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் அது இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது கொள்கை விவாதம். நமக்கோ நிறுவியே ஊமை. ஜூன் 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து அந்த ஃபர்ம்வேர்களை நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். பழைய நிறுவிக் கோப்பை (ஐஎஸ்ஓ) வைத்துக்கொண்டு முயற்சி செய்யாதீர்கள்.

நிறுவும்போது இன்னும் இரண்டு ஊமை இடங்கள். ஒன்று, கணினி எழும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையும், எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் மெனுவும். அங்கே ஸ்கிரீன் ரீடர் கிடையாது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், எத்தனை தடவை கீழ் அம்பு அழுத்தினால் எது வரும் என்று எண்ணி நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இயங்குதளத்தின் மையமான கர்னலின் அப்டேட்டால் அந்த வரிசை மாறலாம். இரண்டு, முழு டிஸ்க் என்க்ரிப்ஷன். கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் ஒலி அமைப்பே எழுந்திருக்காது. கேட்கிறதா, தவறாக அடித்தோமா என்று தெரியாது. முதல் லினக்ஸில் அதைப் போடவேண்டாம். ஹோம் அடைவில் முக்கியமானவற்றை மட்டும் தனியாகப் பூட்டி வைக்கலாம்.

டெர்மினலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தங்கைக்கு உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது.

வரைகலைத் திரையில் ஒரு ஸ்கிரீன் ரீடர் எப்போதும் அடுத்தவரை நம்பி வாழ்கிறது. செயலியை எழுதியவர் பொத்தானுக்குப் பெயர் வைக்கவில்லை என்றால் "பொத்தான்" என்று மட்டும் சொல்லும், அது அழிக்கும் பொத்தானா சேமிக்கும் பொத்தானா என்று தெரியாது. டெர்மினலில் அந்தப் பிரச்சினை கிடையாது. கட்டளை ஒரு வரி, பதில் சில வரிகள். பார்க்கிறவர் என்ன படிக்கிறாரோ அதையே நாமும் படிக்கிறோம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவளுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

கன்சோலுக்கென்று தனி ஸ்கிரீன் ரீடர்கள் இருக்கின்றன. ஸ்பீக்கப் கர்னலுக்குள்ளேயே இருப்பது. கர்க் ரைசர் தொடங்கியது. கர்னலின் ஸ்டேஜிங் என்ற சோதனைப் பகுதியில் ஏறக்குறைய பத்து ஆண்டு காத்திருந்து 2020இல்தான் முறையான இடத்துக்கு வந்தது. வரைகலை மொத்தமும் விழுந்துபோனாலும் இது பேசிக்கொண்டிருக்கும். நம்பர் பேடில் 8 அழுத்தினால் இருக்கிற வரி, 7 முந்தைய வரி, 9 அடுத்த வரி, 5 சொல், 2 எழுத்து. ஃபென்ரிர் என்று பைத்தானில் எழுதப்பட்ட இன்னொன்றும் உண்டு; ஸ்பீக்கப் ஒத்துவராத இடத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கன்சோல் பேச்சும் டெஸ்க்டாப் பேச்சும் சில கணினிகளில் ஒரே சவுண்ட் கார்டுக்குச் சண்டை போடும். ஒன்று பேசினால் மற்றது பேசாது. அப்போதும் அந்த யுஎஸ்பி அடாப்டர்தான் கை கொடுக்கும், ஒருவருக்கு ஒன்று என்று பிரித்துவிடலாம்.

டெர்மினலிலும் காதுக்கு ஒத்துவராதவை உண்டு. எல்எஸ் என்று மட்டும் அடித்தால் கோப்புப் பெயர்களை நாலைந்து பத்திகளாக அடுக்கும்; காதில் அது ஒரே மூச்சில் கொட்டும் பெயர்க் குவியல். எல்எஸ், இடைவெளி, ஹைபன் ஒன்று என்று அடித்தால் வரிக்கு ஒரு பெயர். இதை ஆலியாஸாக (கட்டளையின் சுருக்கப் பெயராக) வைத்துவிடவேண்டும். டெபியனில் ஒரு பொதியை அமைக்கும்போது நீலப் பெட்டி போட்டுக் கேள்வி கேட்கும்; டெப்கான்ஃபை மறு அமைப்பு செய்து இடைமுகத்தை ரீட்லைன் என்று மாற்றினால் அதே கேள்வி சாதாரண வரியாக வரும். நகர்ந்துகொண்டே இருக்கும் பதிவிறக்கப் பட்டை "பத்து சதவீதம், பதினொன்று சதவீதம்" என்று உயிரை எடுக்கும்; பெரும்பாலான கருவிகளுக்கு அமைதியாக ஓடச் சொல்லும் ஒரு விருப்பம் உண்டு, அதைத் தேடிப் பழகட்டும். பதில் நூறு வரி என்றால் திரையில் துரத்தவேண்டாம். ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு எடிட்டரில் திறந்து, தேடிப் படிக்கலாம். கம்பைலர் பிழைகளை நான் எப்போதும் அப்படித்தான் படிக்கிறேன். முதல் பிழையைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் அதன் வால்தான்.

நிரல் எழுதுவதில் ஆழமாகப் போக ஆசைப்பட்டால், ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் பேச வைக்கும் ஈமேக்ஸ்பீக் பற்றிச் சொல்லுங்கள். எழுதியவர் டி. வி. ராமன். புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் பார்வை முற்றிலும் போனது, பம்பாய் ஐஐடியிலும் பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1995இல் ஈமேக்ஸ்பீக்கை வெளியிட்டார், இன்றும் வளர்க்கிறார். மற்ற ஸ்கிரீன் ரீடர்கள் திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிக்கின்றன. ஈமேக்ஸ்பீக் எடிட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் அந்த எழுத்து என்ன பொருளில் நிற்கிறது என்று அதற்குத் தெரியும். நிரலில் வரும் குறிப்புரையை ஒரு குரலில், சரத்தை இன்னொரு குரலில், சாவிச் சொல்லை மற்றொரு தொனியில் சொல்லும். பார்க்கிறவர்களுக்கு வண்ணம் செய்யும் வேலையைக் குரல் மாற்றம் செய்கிறது. கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும், ஈமேக்ஸே ஒரு கடல். இரண்டாம் ஆண்டிலேயே கட்டாயப்படுத்தவேண்டாம். விஎஸ் கோடு என்ற எடிட்டர் ஸ்கிரீன் ரீடரோடு நன்றாகவே ஓடுகிறது, அது விண்டோஸிலும் பழகியதாக இருக்கும்.

டெஸ்க்டாப்புக்கு வருவோம். ஆர்கா சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது. 2006இல், க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் 2.16ஆம் பதிப்பிலிருந்து அதன் அதிகாரபூர்வ ஸ்கிரீன் ரீடர். 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கிய பிறகு அங்கிருந்த அணுகல்தன்மைக் குழு கலைந்தது. அதன் பிறகு இந்தப் பாரத்தைச் சுமந்தவர் முக்கியமாக ஒருவர், ஜோன்மாரி டிக்ஸ். தன்னார்வலராக வந்து, பின்னர் இகாலியா நிறுவனத்திலிருந்து இந்த வேலையைத் தொடர்பவர். உலகம் முழுக்கப் பார்வையற்ற லினக்ஸ் பயனர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் உழைப்பில் நிற்கிறோம். இது எனக்கு நன்றியையும் கவலையையும் சேர்த்தே தருகிறது.

க்னோமில் சூப்பர் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை), ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர்கா பேசத் தொடங்கும். உள்நுழைவுத் திரையிலும் இதே விசைதான். லேப்டாப் அமைப்பில் கேப்ஸ் லாக் ஆர்காவின் தனி விசை. அதோடு ஸ்பேஸ் அழுத்தினால் அமைப்புகள், எச் அழுத்தினால் பயிற்சி முறை. பயிற்சி முறையில் எந்த விசையை அழுத்தினாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், எதையும் செய்யாது. முதல் நாள் முழுக்க அதிலேயே விளையாடட்டும். இணையப் பக்கத்தில் எச் தலைப்பு, கே இணைப்பு, டி அட்டவணை என்பதெல்லாம் என்விடிஏ போலவே, அதனால் கை உடனே பழகிவிடும். ஈஸ்பீக் என்விடிஏவோடும் வருகிறது என்பதால் குரலும் ஏற்கெனவே கேட்ட குரலாக இருக்கலாம்.

ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்டு, லிப்ரே ஆபீஸ் ரைட்டர் மூன்றும் நன்றாக ஓடும், தினசரி வேலைக்குத் தாராளமாகப் போதும். க்யூடி என்ற கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் ஒன்று போல ஒன்று இருக்காது. இணைய உலாவி நுட்பத்தில் கட்டிய எலக்ட்ரான் செயலிகள் சிலவற்றில், ஹைபன் ஹைபன் ஃபோர்ஸ் ஹைபன் ரெண்டரர் ஹைபன் ஆக்சஸிபிலிட்டி என்று சேர்த்துத் தொடங்கினால்தான் வாயே திறக்கும். ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓடும் வரைகலைச் செயலிகள் பெரும்பாலும் ஊமை. அவை ஓடுவது வேறு பயனரின் பெயரில், ஆர்காவுக்கு அங்கே காது எட்டாது. அந்த வேலைகளை, நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளை போட்டு டெர்மினலில் செய்வதே நல்லது.

திரையையும் விசைகளையும் கையாளும் புதிய அமைப்பான வேலாண்ட் பற்றிப் பயமுறுத்தும் பேச்சுகள் அவள் காதில் விழும். விஷயம் இதுதான். பழைய எக்ஸ்11இல் எந்த நிரலும் எல்லா விசையழுத்தங்களையும் ஒட்டுக்கேட்க முடியும். பாதுகாப்புக்கு அது பெரிய ஓட்டை, ஆனால் ஸ்கிரீன் ரீடர் உயிர்வாழ்ந்தது அந்த ஓட்டையில்தான். வேலாண்ட் ஓட்டையை அடைத்தது. ஆர்காவின் விசைகளுக்கு முறையான வாசல் வைக்க ஆண்டுக்கணக்கில் தாமதமானது. 2023இல் ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்ட் க்னோமுக்கு 10 லட்சம் யூரோ கொடுத்தது. அதில் ஒரு பகுதி அணுகல்தன்மை வேலைக்குப் போனது. மார்ச் 2025இல் வந்த க்னோம் 48இல் வேலாண்டிலும் கேப்ஸ் லாக் உள்பட ஆர்கா விசைகள் ஒழுங்காக வேலை செய்யும்படி ஆகிவிட்டது. ஆகஸ்ட் 2025இல் வந்த டெபியன் 13 அந்த க்னோமோடுதான் வருகிறது. அதற்கு முந்தைய க்னோம் என்றால் உள்நுழையும்போது எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மாட்டே டெஸ்க்டாப் போடுங்கள்.

ஆக, டிஸ்ட்ரோ. என் பரிந்துரை டெபியன் 13. நிறுவும்போது பேச்சு, பிறகு இரண்டு ஆண்டு பெரிய ஆட்டம் இல்லாத நிலைத்தன்மை. எல்லாம் தயாராகக் கையில் வரவேண்டும் என்றால் அக்சஸிபிள் கோகோனட். கேரளத்தில் பார்வையற்றவர்களுக்காகவே உபுண்டு மாட்டே மேல் கட்டியது. ஆர்கா, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை வாசிப்பது), பிரெய்ல் கருவிகள் எல்லாம் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கும். கேரள அரசுப் பள்ளிகள் நீண்டகாலமாகக் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துவதால் அங்கே பார்வையற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் லினக்ஸை அன்றாடம் தொடுகிறார்கள். அந்த மண்ணில் இப்படி ஒன்று முளைத்ததில் வியப்பில்லை. நம் ஊரிலும் யாராவது செய்திருக்கவேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆர்ச் நிறுவியிலும் பேச்சு உண்டு, ஆனால் தினம் மாறும் டிஸ்ட்ரோ மாணவிக்கு வேண்டாம். எதைப் போட்டாலும் தேர்வு வாரத்தில் அப்டேட் செய்யக் கூடாது.

அவளுக்கு இன்னும் பார்வை மிச்சம் இருக்கிறது என்பதால் பெரிதாக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். க்னோமில் சூப்பர், ஆல்ட், 8 அழுத்தினால் பெரிதாக்கி வரும். எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பில் ஆல்ட் பிடித்துக்கொண்டு மௌஸ் சக்கரத்தை உருட்டினால் போதும். கேடிஇ என்ற டெஸ்க்டாப்பின் பெரிதாக்கி எனக்குத் தெரிந்த குறைபார்வை நண்பர்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் நடுவில் மட்டும் பார்வை நிற்கும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் எழுத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க ஒரு நேரத்தில் தெரியும் சொற்கள் குறையும். அவளுக்குப் பெரிய எழுத்தைவிடக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பெரிய சுட்டி, மிதமான அளவு, இதோடு ஆர்கா பேச்சு என்ற கலவை ஒத்துவரலாம். எது சுகம் என்று அவளே சொல்லட்டும். ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: பார்வை இருக்கும்போதே மௌஸை விட்டுவிட்டு விசைப்பலகையில் மட்டும் வேலை செய்யப் பழகவேண்டும். கண் முழுக்கக் களைத்துப்போகும் நாளில் அந்தப் பழக்கம்தான் வேலையை நிறுத்தாமல் கொண்டுபோகும்.

தமிழ் எப்படி? ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் இருக்கிறது. இயந்திரக் குரல்தான், இனிமையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் சிதையாமல் சொல்லும், யூனிகோட் உரையைப் புரியும்படி வாசிக்கும், நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் சமாளிக்கும். நாள் முழுக்கக் கேட்பவர்களுக்கு வேகம்தான் முக்கியம். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று இரண்டு குரல் அமைப்புகளை ஆர்காவில் சேமித்து வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய தொல்லை பழைய எழுத்துருக்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள், வினாத்தாள்கள் பிடிஎஃப் ஆக இன்னும் சுற்றுகின்றன. கண்ணுக்கு அது அழகான தமிழ். ஸ்கிரீன் ரீடருக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும். இதற்கு லினக்ஸில் நல்ல மருந்து இருக்கிறது: ஓசிஆர்மைபிடிஎஃப். அது பயன்படுத்தும் ஓசிஆர் நிரலான டெசராக்டின் தமிழ்த் தரவையும் சேர்த்து நிறுவி, மொழியாகத் தமிழ் ஆங்கிலம் இரண்டையும் கொடுத்து, ஹைபன் ஹைபன் ஃபோர்ஸ் ஹைபன் ஓசிஆர் என்று ஓட்டினால், பக்கத்தைப் படமாக்கி மறுபடி யூனிகோட் எழுத்தாக வாசித்துத் தரும். அச்சு சுத்தமாக இருந்தால் நன்றாகவே வரும்; பிழை இருக்கும், ஆனால் படிக்க முடியும். ஒரு அடைவில் உள்ள ஐம்பது கோப்புகளை இரவில் ஒரே வரி ஷெல் ஸ்கிரிப்டில் ஓட விட்டுவிட்டுத் தூங்கலாம். வரைகலையில் வேண்டும் என்றால் கேரளத்துக்காரர்களின் லியோஸ் இருக்கிறது.

பிரெய்ல் தெரிந்தால் இன்னும் நல்லது. 1995இல் நிக்கோலா பித்ரே தொடங்கிய பிஆர்எல்டிடிஒய் கணினி எழும்போதே எழுந்து பிரெய்ல் திரையில் கன்சோலைக் காட்டும். ஒலியே தேவையில்லை, அதனால் மேலே சொன்ன மௌன நாட்களில் அது தனிப்பெரும் துணை. நிரலில் ஒரு புள்ளியும் காற்புள்ளியும் விரலுக்கு வேறுவேறாகத் தெரிவது காதால் கேட்பதைவிட நம்பகமானது. எழுத்தை பிரெய்லாக மாற்றும் லிப்லூயிஸ் நூலகத்தில் தமிழுக்கும் அட்டவணை உண்டு. அதைத் தொடங்கிய ஜான் போயர் பார்வையும் செவியும் இரண்டும் இல்லாதவர். ஆறு விசையில் பிரெய்ல் முறையில் இந்திய மொழிகளைத் தட்டச்சு செய்ய ஐபஸ்-பிரெய்ல் இருக்கிறது; எஃப், டி, எஸ், ஜே, கே, எல் ஆறும் ஆறு புள்ளிகள்.

லேபில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். உபுண்டு 22.04 வந்தபோது ஆர்டுயினோ என்ற விலை குறைந்த மின்னணுப் பயிற்சிப் பலகைகள் கணினியில் செருகியதும் மறைந்துபோயின. அவற்றில் உள்ள சிஎச்340 சிப்பின் அடையாள எண் ஒரு பிரெய்ல் கருவியின் எண்ணோடு ஒன்றாக இருந்ததால், பிஆர்எல்டிடிஒய் அதைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது. உடனே இணையம் எங்கும் ஒரே ஆலோசனை: பிஆர்எல்டிடிஒய்யை நீக்கிவிடு. பல லேப்களில் அப்படியே நீக்கியும் விட்டார்கள். செருகும் கருவிகளை அடையாளம் காணும் யுடெவ் விதியில் அந்த ஒரு வரியை மட்டும் முடக்கினால் போதும், பிரெய்லும் இருக்கும், ஆர்டுயினோவும் ஓடும். லேப் பொறுப்பாளரிடம் முதல் வாரமே பேசி, ஆர்கா, ஸ்பீச் டிஸ்பேச்சர், ஈஸ்பீக், பிஆர்எல்டிடிஒய் நான்கும் அவள் உட்காரும் கணினியில் இருக்கின்றனவா, ஹெட்போன் செருகினால் ஒலி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அது முடியாது என்றால், அவள் தன் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக லேப் கணினிக்குள் நுழைந்து பயிற்சிகளைச் செய்ய அனுமதி கேளுங்கள். இந்த இரண்டாவது ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும்: குரல் அவளுடையது, அமைப்பு அவளுடையது, லேப் கணினியில் யாரும் எதையும் தொடவேண்டியதில்லை. வேலைக்குப் போனாலும் சர்வர்களில் அவள் செய்யப்போவது அதையேதான்.

ஏதாவது ஒரு செயலி பேசவில்லை என்றால் பிழை அறிக்கை எழுதக் கற்றுக்கொடுங்கள். அக்செர்சைசர் என்ற கருவியில் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தால் ஏடி-எஸ்பிஐக்கு அது என்ன தகவல் கொடுக்கிறது என்று தெரியும். பொத்தானுக்குப் பெயரே காலியாக இருந்தால் பிழை செயலியில். பெயர் இருந்தும் ஆர்கா சொல்லவில்லை என்றால் பிழை ஆர்காவில். எந்தப் பதிப்பு, எந்த விசை, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்கவேண்டும் என்று நாலு வரி எழுதி உரிய இடத்தில் போட்டால் ஆர்கா பக்கம் கவனிக்கிறார்கள். பெயரில்லாத பொத்தானுக்குப் பெயர் வைப்பது பல நேரம் ஒரே ஒரு வரி மாற்றம். கணினி அறிவியல் மாணவி அந்த வரியைத் தானே எழுதி அனுப்பலாம். அவளுடைய முதல் கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாக அது இருக்கட்டும், ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளவும் செய்யலாம்.